ஆலமரத்தடியில் பேச வேண்டியவை

சேலம், நாமக்கல் வட்டாரத்து ஊர்களில் மாரியம்மன் பண்டிகை, கோயில் திருப்பணி, ஏரி மராமத்து போன்ற பொதுக் காரியங்களை ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்வது வழக்கம். கூட்டத்துக்கு முன்பே நான்கு பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, மறுநாள் தலைக்கட்டு வரி கேட்டு வந்தால் ஊரார் முகம் சுளிப்பார்கள். முடிவு நல்லதாகவே இருக்கலாம். கணக்கும் சரியாகவே இருக்கலாம். ஆனாலும், 'என்னை யார் கேட்டார்கள்' என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் அடுத்த ஆண்டு பண்டிகை இரண்டாகப் பிரியும்.

இதே கேள்வி, இணையத்தில் பலர் கூடி அறிவுத் தொகுப்பை உருவாக்கும் இடங்களிலும் எழுகிறது. தமிழ் விக்கிப்பீடியா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் கலைக்களஞ்சியம் 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, கனடா எனப் பல இடங்களில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றி எழுதுகிறார்கள். முதன்மை ஆசிரியர் என்று எவரும் இல்லை. உத்தரவு போடும் அலுவலகமும் இல்லை. கருத்து வேறுபாடு வந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும். அவ்வாறு எட்டும் உடன்பாட்டை 'இணக்க முடிவு' என்கிறார்கள். அப்படியானால், அந்தப் பேச்சு எங்கே நடக்க வேண்டும்?

சேலத்திலிருந்து சில ஆண்டுகளாக அதில் பங்களித்து வருபவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைச் சிறிய நிர்வாகச் சிக்கலாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பேசும் இடம் எதுவோ, அதுதான் அந்த முடிவில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்பதைத் தீர்மானிக்கிறது.

விக்கி என்ற முறையின் தொடக்கத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995-இல் உருவாக்கிய முதல் விக்கித் தளத்தில் கட்டுரையும் அதைப் பற்றிய விவாதமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன. ஒருவர் எழுதிய கருத்துக்குக் கீழே இன்னொருவர் மறுப்பு எழுதுவார். பின்னர் யாரேனும் இரண்டையும் சேர்த்துச் செம்மையான பத்தியாக மாற்றுவார். நிரலாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. கலைக்களஞ்சியத்துக்கு அது பொருந்தாது. ஏற்காடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வரும் மாணவர், அந்த அளவைப் பற்றி இருவர் போடும் சண்டையைக் கடந்துதான் விடையை அடைய வேண்டும் என்றால், அது கலைக்களஞ்சியம் ஆகாது.

2001-இல் ஆங்கில விக்கிப்பீடியா தோன்றிய மறு ஆண்டு, அதற்கெனவே எழுதப்பட்ட புதிய மென்பொருள் வந்தது. அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியே ஒரு பேச்சுப் பக்கம் அமைந்தது. முன்பக்கம் வாசகருக்கு, பின்பக்கம் எழுதுவோருக்கு. ஆனால் அந்தப் பின்பக்கத்துக்கும் பூட்டு இல்லை. எவரும் படிக்கலாம், எவரும் எழுதலாம், யார், எந்த நாளில், எந்த நேரத்தில் என்ன எழுதினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும். விக்கியின் மீது உலகம் வைத்திருக்கும் நம்பிக்கையில் பெரும்பகுதி இந்த எளிய ஏற்பாட்டின் மீது நிற்கிறது.

எந்தப் பேச்சை எந்த இடத்தில் வைப்பது? நம் பகுதியிலிருந்தே சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

முதலாவது, ஒரே ஒரு கட்டுரையைப் பற்றிய பேச்சு. நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் யார் என்பதில் இரண்டு கூற்றுகள் உண்டு. சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்பது ஒன்று. மைசூர் அரசின் அதிகாரி ஒருவர் கட்டினார் என்பது மற்றொன்று. எதை முதலில் சொல்வது, எந்தச் சான்றைக் காட்டுவது என்பவற்றை அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலேயே விவாதிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து அதே ஐயத்தோடு வருபவர் முதலில் தேடும் இடம் அதுதான்.

இரண்டாவது, பல கட்டுரைகளைத் தொடும் பேச்சு. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரியும், 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. நாமக்கல் கவிஞர் என்று நாம் போற்றும் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் மோகனூரில் பிறந்தார். மோகனூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அப்படியொரு மாவட்டமே இல்லை. பிறந்த இடத்தை அன்றைய ஆட்சிப் பிரிவால் குறிப்பதா, இன்றைய பிரிவால் குறிப்பதா? இது ஒருவரின் வாழ்க்கைக் குறிப்போடு முடிவதில்லை. இராசிபுரத்தில் பிறந்தவர், திருச்செங்கோட்டில் பிறந்தவர், ஓசூரில் பிறந்தவர் என நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இதே கேள்வி வரும். ஒவ்வொரு பேச்சுப் பக்கத்திலும் தனித்தனியே விவாதித்தால் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளே மிஞ்சும். இத்தகைய கட்டுரைகளை ஒருங்கே கவனிக்கும் விக்கித்திட்டத்தின் பேச்சுப் பக்கம்தான் இதற்கு உரிய இடம்.

நூல்களை மின்வடிவாக்கும் விக்கிமூலத்திலும் இதே முறைதான். நாமக்கல் கவிஞரின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அப்படிப்பட்ட நூல் ஒன்றைப் பலர் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கும்போது, பழைய பதிப்பின் அச்சுப்பிழையை அப்படியே விடுவதா, 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து வடிவங்களை எவ்வாறு தருவது என்ற கேள்விகள் எழும். அந்த ஒரு நூலுக்கு மட்டும் உரிய முடிவு என்றால் அந்நூலின் அட்டவணைக்கான பேச்சுப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். நூறாவது பக்கத்தில் வந்து சேர்பவரும் முதல் பக்கத்தில் எடுத்த முடிவைப் பின்பற்ற அதுவே வழி.

மூன்றாவது, ஒட்டுமொத்தத் திட்டத்தையும் தொடும் பேச்சு. இதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள பொது மன்றத்தின் பெயர் 'ஆலமரத்தடி'. ஆங்கில விக்கிப்பீடியா தன் பொது மன்றத்துக்கு ஊர்த் தண்ணீர்க் குழாயடியின் பெயரை வைத்தது. தமிழர்கள் தங்கள் மண்ணுக்கு ஏற்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயற்பியல் என்று சொல்வதை இலங்கையில் பௌதிகவியல் என்று படித்தவர்கள் உண்டு. நாம் கிரிக்கெட் என்று சொல்வதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் துடுப்பாட்டம் என்பதே கட்டுரைத் தலைப்பு. கிரந்த எழுத்துகளை எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்பது ஆண்டுக்கணக்கில் நீளும் விவாதம். இவற்றைச் சேலத்தில் ஐந்து பேரோ, யாழ்ப்பாணத்தில் ஐந்து பேரோ தனியே முடிவு செய்ய முடியாது. எல்லோரும் வந்து உட்காரக்கூடிய நிழல் வேண்டும்.

நான்காவது, ஒருவரோடு மட்டும் பேச வேண்டியது. புதியவரை வரவேற்பது, சான்று சேர்க்குமாறு நினைவூட்டுவது, நன்றி சொல்வது போன்றவற்றுக்கு அவரவர் பயனர் பேச்சுப் பக்கம் இருக்கிறது. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கட்டுரையைப் பற்றித்தான் பேச வேண்டும். அதை எழுதியவரைப் பற்றி அல்ல. இந்த ஒரு எல்லையைக் காத்தாலே பாதிச் சண்டைகள் குறையும்.

இத்தனை இடங்கள் இருக்க, இன்று பேச்சின் பெரும்பகுதி வாட்ஸ்ஆப் குழுக்களிலும் தொலைபேசியிலும் நடக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கைப்பேசியில் உடனே பதில் வருகிறது. தட்டச்சு செய்யத் தயங்குபவர் குரலில் பேசி அனுப்பலாம். திரையைப் படம் பிடித்து, 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்று காட்டலாம். கொல்லிமலைக்கு ஒளிப்படம் எடுக்கப் போகும் குழு எத்தனை மணிக்குப் பேருந்து ஏறுவது என்பதற்கு ஆலமரத்தடியில் ஒரு தலைப்புத் தொடங்குவது நகைப்புக்குரியது. தனிக்குழுக்கள் நட்பை வளர்க்கின்றன. நட்புதான் ஊதியமற்ற உழைப்பைப் பல ஆண்டுகள் நீடிக்க வைக்கிறது.

சிக்கல், முடிவுகளும் அங்கேயே எடுக்கப்படும்போது தொடங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குழு, நம் வட்டாரத்து நடுகற்களை ஊர் வாரியாகப் படம் எடுத்துப் பட்டியலிட முனைந்தது. எந்த ஊர் யாருக்கு, கோப்புக்கு எப்படிப் பெயரிடுவது, ஊர்க்காரர்கள் சொல்லும் வழக்குப் பெயரைக் குறிப்பதா தொல்லியலாளர் தரும் பெயரைக் குறிப்பதா என்பவையெல்லாம் வாட்ஸ்ஆப்பில் முடிவாயின. ஒருங்கிணைத்தவரின் கைப்பேசி பழுதானது. அவரும் வேலை மாறி வேறு மாநிலம் போனார். மறு ஆண்டு ஆர்வத்தோடு வந்த கல்லூரி மாணவர்கள், ஏற்கெனவே படம் எடுத்த ஊர்களுக்கே மறுபடியும் போய் வந்தார்கள். போகாத ஊர்கள் போகாமலேயே நின்றன. சாலை விரிவாக்கத்திலும் வீட்டுமனைப் பிரிவிலும் நடுகற்கள் இடம்பெயரும் காலம் இது. ஓராண்டு இழப்பு என்பது சில கற்களைப் பொறுத்தவரை நிரந்தர இழப்பாகவே இருக்கக்கூடும்.

பதிவு அழிவது ஒரு தீங்கு என்றால், ஆள் விலக்கம் இன்னொன்று. கைப்பேசிக் குழுவில் சேரத் தொலைபேசி எண்ணைத் தர வேண்டும். முன்பின் தெரியாத நூறு பேருக்குத் தம் எண் தெரிவதை விரும்பாத பெண்கள் பலர் உண்டு. புனைபெயரில் எழுதுவதையே பாதுகாப்பாகக் கருதுவோர் உண்டு. விக்கிப்பீடியா அவர்களிடம் எண்ணைக் கேட்பதில்லை. நாம் ஏன் கேட்க வேண்டும்? நாம் உறங்கும் வேளையில் கனடாவில் விழித்திருப்பவர், காலையில் எழுந்து இருநூறு செய்திகளைத் தள்ளிப் பார்த்து விவாதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. குழு இருப்பதே தெரியாதவருக்கோ, கட்டுரையில் திடீரென நேர்ந்த மாற்றம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். காரணம் கேட்டால், 'குழுவில் பேசிவிட்டோம்' என்று பதில் வரும். திண்ணையில் பேசி முடித்துவிட்டு வரி கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூன்றாவது தீங்கு, நம்பிக்கை சார்ந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2009-இல் வெளிவந்த ஒரு விவகாரம் இதற்குச் சான்று. கிழக்கு ஐரோப்பா தொடர்பான கட்டுரைகளில் ஈடுபட்ட சிலர், தனிப்பட்ட மின்னஞ்சல் குழுவில் தமக்குள் பேசி ஒருங்கிணைந்து செயல்பட்டது அம்பலமானது. அங்குள்ள நடுவர் குழு விசாரித்து நடவடிக்கை எடுத்தது. தனித்தனியே வந்து கருத்துச் சொன்னதாக மற்றவர்கள் நம்பியவர்கள், உண்மையில் முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் என்பது தெரிந்தபோது, அவர்கள் பங்கேற்ற பழைய விவாதங்கள் அனைத்தின் மீதும் ஐயம் படிந்தது. தமிழில் அளவு சிறியது; ஆகவே ஆபத்து பெரியது. ஒரு வாக்கெடுப்பில் பத்துப் பேர் கலந்துகொள்ளும் சமூகத்தில், தனிக்குழுவிலிருந்து திரட்டி அழைத்து வரப்படும் ஐந்து பேர் எதையும் மாற்றிவிட முடியும்.

எல்லாவற்றையும் வெளியில்தான் பேச வேண்டும் என்பதும் சரியன்று. ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்றால் அந்த முறையீட்டை எல்லோரும் படிக்கும் பக்கத்தில் வைப்பது அவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. தொலைபேசி எண், வீட்டு முகவரி, பள்ளி மாணவர்களின் விவரங்கள் ஆகியவற்றையும் விக்கியில் எழுதக் கூடாது; அழித்தாலும் பழைய பதிப்பில் அவை தங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒளிப்படத்தின் உரிமையாளர் தரும் அனுமதிக் கடிதத்தைச் சரிபார்க்க, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தனி மின்னஞ்சல் வழியையே பயன்படுத்துகிறார்கள். மனிதரைக் காக்க மறைவு தேவை. உள்ளடக்கத்தைத் தீர்மானிக்க வெளிச்சம் தேவை. இந்த வேறுபாடு தெளிவாக இருந்தால் குழப்பம் இல்லை.

பொதுப் பக்கத்தில் பேசுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர்கள் பலர் விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி பெற்றார்கள். வகுப்பறையில் தயங்காமல் பேசும் ஆசிரியர்கூட, உலகமே படிக்கும் பக்கத்தில் தன் ஐயத்தை எழுதத் தயங்குவார். சொன்னது தவறாகிவிட்டால் காலம் முழுவதும் அங்கேயே நிற்குமே என்ற அச்சம் இயல்பானது. துணிந்து கேட்டவருக்கு இரண்டு வாரம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் விதி எண்ணை மட்டும் சுட்டி முடிந்துவிட்டாலோ, அவர் கைப்பேசிக் குழுவுக்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆலமரத்தடியில் யாரும் உட்காரவில்லை என்றால், மரத்தின் மீது குற்றமில்லை. அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் புதியவருக்கு இடம் விட்டார்களா என்று பார்க்க வேண்டும். மூத்த பங்களிப்பாளர்களின் முதல் கடமை, கேட்ட கேள்விக்கு விரைவாகவும் கனிவாகவும் பொதுப் பக்கத்திலேயே பதில் சொல்வது.

நடைமுறையில் கடைப்பிடிக்க வேண்டியவை கடினமானவை அல்ல. பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிவு விக்கியில் ஏற வேண்டும். சேலத்தில் ஒரு பயிலரங்கம் நடந்தால், வந்தவர்கள் என்ன பேசினார்கள், எதை முன்மொழிகிறார்கள் என்பதை அன்றைக்கே உரிய பக்கத்தில் நான்கு வரிகளில் எழுதிவிடலாம். அதை 'முடிவு' என்று அறிவிக்காமல் 'முன்மொழிவு' என்று வைத்து, வராதவர்கள் கருத்துச் சொல்ல ஒரு வாரமாவது காத்திருக்கலாம். ஒரே விவாதத்தை மூன்று பக்கங்களில் தொடங்காமல் ஓரிடத்தில் வைத்து, மற்ற இடங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுக்கலாம். கைப்பேசிக் குழுவிலும் அந்த இணைப்பைப் பகிரலாம். ஆனால், 'வந்து ஆதரியுங்கள்' என்று கேட்காமல், 'இப்படியொரு பேச்சு நடக்கிறது' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

தலைப்பு தெளிவாக இருக்கட்டும். 'ஓர் ஐயம்' என்று தலைப்பிட்டால் பிற்காலத்தில் எவராலும் தேட முடியாது. 'மாவட்டப் பிரிவினைக்கு முன் பிறந்தோரின் பிறந்த இடம்' என்றால் தேடுவோர் கையில் கிடைக்கும். கருத்தின் முடிவில் கையொப்பம் இட வேண்டும். விவாதம் ஓய்ந்ததும், அதில் பக்கம் சாராத ஒருவர் இரண்டு வரிகளில் முடிவைத் தொகுத்து எழுத வேண்டும். பழைய விவாதங்களைத் துடைத்துவிடாமல் காப்பகப் பக்கத்துக்கு நகர்த்த வேண்டும்.

தமிழுக்கு இதில் தனிப்பட்ட ஆதாயம் ஒன்றும் உண்டு. நம் கொங்கு மண்ணில் பிறந்த பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய 'கலைக்களஞ்சியம்' 1954-க்கும் 1968-க்கும் இடையில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. நவீன அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடிய மாபெரும் முயற்சி அது. ஒரு சொல்லை ஏன் தேர்ந்தார்கள், எந்தச் சொல்லை ஏன் தள்ளினார்கள் என்று ஆசிரியர் குழு எத்தனை நாள் விவாதித்திருக்கும்! அந்த விவாதம் முழுவதும் நூலோடு சேர்ந்து நம் கைக்கு வரவில்லை. முடிவு மட்டுமே வந்தது. அச்சுக் காலத்தில் அதற்கு இடமில்லை. இன்று இடமிருக்கிறது. ஒரு கலைச்சொல்லின் பேச்சுப் பக்கத்தில் தமிழ்நாட்டுப் பொறியாளரும் இலங்கை ஆசிரியரும் மலேசிய மாணவரும் நடத்தும் உரையாடல், நாளை அகராதி தொகுப்போருக்கு முதன்மைச் சான்றாகும். அதைக் கைப்பேசியில் பேசித் தொலைப்பது, கல்வெட்டைப் படித்துவிட்டு உடைத்துப் போடுவதற்கு ஒப்பாகும்.

நம் ஊரைப் பற்றிய கட்டுரையில் தவறு இருப்பதாகக் கருதும் எவரும் இந்தப் பேச்சில் சேரலாம். கட்டுரையின் தலைக்குமேல் 'உரையாடல்' என்றொரு இணைப்பு இருக்கிறது. அதைச் சொடுக்கி, தவறு எது, சரியானது எது, அதற்குச் சான்று எந்த நூலின் எந்தப் பக்கம் என்று மூன்று வரி எழுதினால் போதும். எழுதியவரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யார் எண்ணையும் தேட வேண்டியதில்லை. எந்தக் குழுவிலும் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று வரிகளுக்கு யாரேனும் பதில் எழுதுவார். இன்று இல்லாவிட்டாலும், அடுத்து வருபவர் அதைப் படித்து எழுதுவார்.